முன்சக்கரம் தட்டுகிறதா? வாசகர் கேள்வி - பதில்

எட்டு வருடப் பழைய சின்ன கார். வாய்க்கால் கரை ரோட்டில் மெதுவாகப் போனாலே முன்பக்கம் 'கட கட' என்று அடிக்கிறது. பட்டறையில் லோயர் ஆர்ம், டை ராடு எண்டு, லிங்க் ராடு, ஷாக் அப்சர்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையில் எது போயிருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
*மன்னார்குடி வாசகர்*

முடியும். ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, இரண்டடி நீளத்தில் ஒரு நெம்புகம்பி, உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் போதும். சத்தத்தை மட்டும் கேட்டுப் பாகத்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது. கையில் ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டம் தெரியாத பாகத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

முதலில் வண்டி தரையில் நிற்கும்போதே பாருங்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பவர் ஸ்டியரிங் வண்டியானால் எஞ்சின் ஓடட்டும். உதவிக்கு வந்தவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்டிக்கொண்டே இருக்க, நீங்கள் டை ராடு எண்டின் மேல், அதாவது ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டின் மேல், விரலை வையுங்கள். கெட்ட ஜாயின்ட் என்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் 'டிக்' என்று விரலில் இடிக்கும். அந்தக் கம்பியின் உள்முனையில், ஸ்டியரிங் ராக்கோடு (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் நகரும் பல்சட்டம்) சேரும் ராக் எண்டு 'பூட்' எனப்படும் ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும். பூட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் அதன் ஆட்டமும் தெரியும். இதே நேரத்தில் பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் சேர்ந்த தூண்) தலையையும் பாருங்கள். ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டங்' என்று விடுபட்டால் மேல் மவுண்டின் பேரிங் போய்விட்டது.

அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும், அதாவது கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்ட், அதாவது லோயர் ஆர்மின் முனையில் இருக்கும் குண்டு மூட்டு. லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டியின் உடலோடு கீழே இணைக்கும் கை) நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் தாங்கி) நடுவே கம்பியை விட்டு நெம்பினால் உறுதியாகிவிடும். 9, 3 இருக்கும் இடங்களில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு எண்டு அல்லது ராக் எண்டு. மேலும் கீழும் இரண்டு ஆர்ம் இருந்து, கீழ் ஆர்மின் மேல் ஸ்பிரிங் உட்காரும் ஜீப் வகை வண்டிகளில் மட்டும் ஜாக்கியை அந்தக் கீழ் ஆர்முக்கு அடியிலேயே கொடுத்துத் தூக்க வேண்டும். வேறு இடத்தில் தூக்கினால் ஸ்பிரிங்கின் விசை ஜாயின்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் வெளியே தெரியாது.

நீங்கள் சொல்கிற, மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழியில் வரும் 'கட கட'வுக்கு முதல் சந்தேகம் லிங்க் ராடின் மேல், அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பியின் மேல்தான். மேலே சொன்னவற்றில் அதுதான் மலிவான பாகம், மாற்றுவதும் சுலபம். அதைச் சோதிக்க இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி லிங்க் ராடை இழுத்துப் பிடித்துவிடும், ஆட்டம் மறைந்துபோகும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி எடுத்துவிட்டு, தெருவுக்குள்ளேயே 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. அந்த நிலையில் மட்டும் மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள், வளைவில் வண்டி அதிகமாகச் சாயும்.

பிரேக் போடும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் பின்புஷ்ஷை, அதாவது ஆர்ம் வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் பின்பக்கம் இருக்கும் ரப்பர் உருளையைப் பாருங்கள்.

இவற்றில் பால் ஜாயின்டையும் டை ராடு எண்டையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. லிங்க் ராடு உடைந்தால் சத்தமும், வளைவில் கூடுதல் சாய்வும்தான். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அங்கேயே உட்காரும். ஆற்றங்கரை ரோட்டில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல் என்பதை நினைவில் வையுங்கள்.

டை ராடு எண்டை நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். என்னென்ன வேண்டும், எந்த இடத்தில் தவறு நடக்கும்?
*திருவாரூர் வாசகர்*

வீட்டு வாசலில் செய்யத் தகுந்த வேலைதான். வீல் ஸ்பேனர், 14, 17, 19, 22 மி.மீ. ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, நுனி மெல்லிய பிளையர், இரண்டு பவுண்டு சுத்தியல், ஸ்டீல் ஸ்கேல், கொஞ்சம் வெள்ளை பெயின்ட் எடுத்துவையுங்கள். முடிந்தால் ஒரு டார்க் ரெஞ்சு (குறித்த விசைக்கு நட்டை இறுக்கும் ஸ்பேனர்) வாங்கிக்கொள்ளுங்கள், வாழ்நாள் முழுவதும் உதவும்.

நம் ஊர் மண் வாசலில் முதல் ஆபத்து ஸ்டாண்டு அமுங்குவது. களிமண் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே இளகியிருக்கும். சிமென்ட் தரை இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டின் கீழும் ஓரடிச் சதுரத்தில், ஒன்றரை அங்குலக் கனத்தில் பலகை போடுங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஒருபோதும் முட்டுக் கொடுக்காதீர்கள், எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிக்கொண்டு, பிறகு தூக்குங்கள். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே படுக்கவைத்தால் ஸ்டாண்டு ஏமாற்றினாலும் அது ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

மரையைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரே அடித்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அதற்குள் அளவு எடுத்துவிடலாம். பழைய எண்டின் குமிழ் நடுவிலிருந்து டை ராடில் மாறாத ஓர் இடம்வரை, உதாரணமாக ராக் பூட் உட்காரும் பள்ளம்வரை, ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மரையில் பெயின்டால் ஒரு கோடும் போடுங்கள். சுற்றுகளை எண்ணி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். வேறு கம்பெனிப் பாகத்தின் உடல் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறியிருக்கலாம். அப்போது அதே எண்ணிக்கை சுற்றினாலும் அளவு தவறும். எண்ணுங்கள், ஆனால் ஸ்கேல் சொல்வதை நம்புங்கள்.

டை ராடை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை (எண்டு சுழலாமல் மரையில் இறுக்கிப் பிடிக்கும் நட்டு) இளக்குங்கள். பிறகு ஸ்பிலிட் பின்னை (நட்டு கழலாமல் துளையில் செருகியிருக்கும் பிளவுக் கம்பி) இழுத்து, மேல் நட்டைத் தளர்த்தி, மரையின் முனையோடு சமமாக இருக்கும்படி நாலைந்து சுற்றில் விட்டுவையுங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். எண்டின் கூம்பு வடிவ ஸ்டட் (மரையுள்ள தண்டு) நக்கிளின் கண்ணுக்குள், அதாவது அதன் துளைக்குள், இறுகிப் பிடித்திருக்கும். பலர் ஸ்டட்டின் முனையில் அடிப்பார்கள். அது நுனியைப் பரத்திவிடும், கூம்பு விடுபடாது. அடிக்க வேண்டியது நக்கிளின் கண்ணைச் சுற்றியுள்ள கனமான இரும்பின் பக்கவாட்டில். அழுத்தமாக மூன்று நாலு அடி விழுந்தால் கண் ஒரு கணம் விரிந்து ஸ்டட் துள்ளிக்கொண்டு வெளியே வரும். நட்டு விட்டுவைத்தது அது முகத்தில் தெறிக்காமல் இருக்கத்தான். திரும்ப மாட்டப்போகும் ஜாயின்டுக்குக் கவட்டைபோல் இருக்கும் பிரிப்பான் வேண்டாம், அது பூட்டைக் கிழிக்கும். தூக்கி எறியப்போகும் பாகத்துக்கு மட்டும் அது சரி.

புது எண்டை ஏற்றும்போது இரண்டு விஷயம். கூம்பிலும் துளையிலும் கிரீஸ், எண்ணெய் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது, துணியால் துடைத்து உலர வையுங்கள். கூம்பு காய்ந்த இரும்போடு இரும்பாக இறுகித்தான் பிடிக்கிறது. நட்டை இறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால், எண்டைத் துளைக்குள் நெருக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். ஸ்டட் கீழிருந்து மேலாக ஏறும் வண்டியானால் அடியில் ஜாக்கியை லேசாகக் கொடுத்தால் போதும். ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டைத் தளர்த்தி நேராக்காதீர்கள், அடுத்த பள்ளம் வரும்வரை மேலும் இறுக்குங்கள். பழைய பின்னைத் திரும்பப் போடுவதும் வேண்டாம்.

கடைசியாக ராக் பூட்டைப் பாருங்கள். டை ராடைச் சுற்றியபோது பூட்டும் சேர்ந்து முறுக்கியிருக்கும். கிளிப்பை விட்டுப் பிடித்து நேராக்குங்கள். முறுக்கிய பூட் சீக்கிரம் கிழியும், சேற்றுத் தண்ணீர் நேராக ராக்குக்குள் போகும். பத்து நிமிட அலட்சியம் ஸ்டியரிங் ராக்கையே தின்றுவிடும்.

போன தை மாதம் புது லோயர் ஆர்ம் போட்டேன். ஆடிக்குள் புஷ் கிழிந்துவிட்டது. டூப்ளிகேட் பாகம் என்கிறார்கள். அப்படித்தானா?
*கும்பகோணம் வாசகர்*

பாகம் மட்டமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் ரப்பர் கிழிகிறதென்றால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது மாட்டிய விதத்தைத்தான்.

இந்தப் புஷ்ஷில் வெளிக் குழாய், நடுவில் ரப்பர், உள் குழாய் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் வண்டியின் உடலோடு அசையாமல் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவது முழுக்க ரப்பரின் முறுக்கில்தான். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், ரப்பர் தன் இயல்பு நிலை அதுதான் என்று எடுத்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே ஏறும், ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். அதன் மேல் ஒவ்வொரு வேகத்தடையும் இன்னும் கொஞ்சம் முறுக்கும். அது கிழியாமல் வேறென்ன செய்யும்?

ஆகவே ஆர்மின் போல்ட்டுகளைத் தொங்கும்போது கையால் மட்டும் ஏற்றிவையுங்கள். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் மூன்று மீட்டர் உருட்டி, பம்பரை அழுத்திவிட்டு, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். அடியில் கை போகவில்லையென்றால், ஆர்மின் பால் ஜாயின்ட் முனைக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, உடல் ஸ்டாண்டிலிருந்து எழும்பத் தொடங்கும் அளவுக்கு மட்டும் தூக்கி அப்போது இறுக்கலாம். உங்கள் ஆர்மை மாற்றியவரிடம் எந்த நிலையில் இறுக்கினார் என்று கேளுங்கள். இறக்குவதற்கு முன்பே இறுக்கியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

மறுபடி நீங்களே மாற்றுவதானால் இன்னும் சில எச்சரிக்கைகள். பல சின்ன கார்களில் பால் ஜாயின்ட் ஸ்டட்டை நக்கிளில் ஒரு குறுக்குப் போல்ட் பிடித்திருக்கும். ஸ்டட்டில் உள்ள பள்ளத்தின் வழியாக அந்தப் போல்ட் போகிறது. தளர்த்தினால் போதாது, முழுதாக உருவி எடுக்க வேண்டும். பிளவில் ஸ்குரூ டிரைவரைச் செருகி மயிரிழை விரித்தால் போதும், உளியால் அகட்டினால் நக்கிள் வெடிக்கும். ஸ்டட் வெளியே வந்ததும் நக்கிளை அதிகம் வெளிப்புறம் இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்டின் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) உள்ஜாயின்ட் பிரிந்துவிடும், சில வண்டிகளில் கியர் ஆயிலும் கொட்டும். பிரேக் ஹோஸில் எதையும் தொங்கவிடக் கூடாது. புஷ்ஷை மட்டும் அடித்து மாற்றுவதைவிட, புஷ்ஷும் பால் ஜாயின்டும் சேர்ந்து வரும் முழு ஆர்மை வாங்குவதே வீட்டு வேலைக்கு நல்லது. பிரஸ் இல்லாமல் அடித்து ஏற்றிய புஷ் நேராக உட்காராது.

வேதாரண்யம் பக்கம் உப்பளக் காற்று. எந்த நட்டும் அசையவில்லை. வெல்டிங் கடையில் சூடு காட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?
*வேதாரண்யம் வாசகர்*

சூட்டைக் கடைசியில் வையுங்கள். முந்தின நாள் சாயங்காலமே பிரஷ் போட்டு ஸ்பிரே அடியுங்கள், காலையில் இன்னொரு முறை. நட்டை முதலில் ஒரு துளி இறுக்கும் திசையில் திருப்பி, துரு 'கிறீச்' என்று உடைந்ததும் கழற்றும் திசைக்கு வாருங்கள். அசைந்ததும் அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று விளையாடிக் கொண்டு வந்தால் மரை தப்பிக்கும். லிங்க் ராடு நட்டுக்கு மெனக்கெட வேண்டாம். பாகமே குப்பைக்குப் போகிறது, ஆக்சா பிளேடால் அறுத்துவிடுங்கள்.

ரப்பர், பிரேக் ஹோஸ், கிரீஸ் பூட் இருக்கும் இடத்தில் தீயைக் காட்டினால் அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். புது போல்ட்டின் மரையில்லாத தண்டில், புஷ் குழாய்க்குள் போகும் பகுதியில் மட்டும் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். அடுத்த முறை சுலபமாக வரும். மரையில் கிரீஸ் தடவினால் அதே விசையில் போல்ட் அளவுக்கு மீறி இறுகிவிடும். நைலான் வளையம் வைத்த நட்டு ஒரு முறைக்குத்தான், புதிதாகப் போடுங்கள்.

மேனுவலில் நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. டார்க் ரெஞ்சு இல்லை. எப்படிக் கணக்கிடுவது?
*பாபநாசம் வாசகர்*

அரை மீட்டர் நீளப் பிடியின் முனையில் 20 கிலோ அழுத்தினால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் ஸ்பேனரில் அதே அழுத்தம் 50. பெரும்பாலான சின்ன கார்களின் வீல் நட்டு 85 முதல் 110-க்குள் வரும். ஆளே ஏறி நின்று மிதித்தால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போய்விடும், ஸ்டட் மரை இழுபடும். வீல் நட்டுக்கு இந்தக் கணக்கு போதும். பால் ஜாயின்டுக்கும் ஸ்ட்ரட் போல்ட்டுக்கும் டார்க் ரெஞ்சை இரவலாவது வாங்குங்கள், அளவை உங்கள் வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாக் அப்சர்பரையும் வீட்டிலேயே மாற்றிவிடலாமா?
*மயிலாடுதுறை வாசகர்*

பாதி வேலையை. ஸ்பிரிங்கோடு சேர்ந்த முழு ஸ்ட்ரட்டை வீட்டில் இறக்கலாம். நக்கிளில் இரண்டு போல்ட், பிரேக் ஹோஸ் கிளிப், மேலே மவுண்டின் சுற்று நட்டுகள், அவ்வளவுதான். நக்கிள் போல்ட்டுகளைக் கழற்றும் முன் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் கோடு கிழித்துவையுங்கள், சக்கரத்தின் சாய்வு அங்கேதான் மாறும். மேலே நடுவில் இருக்கும் ஒற்றை நட்டை மட்டும் தொடவே கூடாது. பல நூறு கிலோ விசையில் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை அந்த ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. கயிறு கட்டி, கம்பி சுற்றிக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். இறக்கிய ஸ்ட்ரட்டை சரியான ஸ்பிரிங் கம்பிரசர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்து மாட்டி வாங்கி வாருங்கள். ஷாக் அப்சர்பர் மட்டும் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற வேண்டும். லோயர் ஆர்மும் டை ராடு எண்டும் கெட்ட பக்கம் மட்டும் போதும்.

உளுந்து, பயறு அறுவடையில் ரோட்டிலேயே செடியைப் பரப்பி விடுகிறார்கள். அதன் மேல் ஓட்டினால் முன்பக்கத்துக்கு ஏதும் ஆகுமா?
*திருத்துறைப்பூண்டி வாசகர்*

ஆகும். கொடியும் வைக்கோலும் டிரைவ் ஷாஃப்டில் சுற்றி இறுகி, பூட்டை அறுத்து, ஆயில் சீலுக்குள்ளும் நுழையும். சைலன்சர் சூட்டில் காய்ந்த சருகு பற்றிக்கொள்ளவும் கூடும். விலகிப் போக முடியாவிட்டால் மெதுவாகக் கடந்து, சற்றுத் தள்ளி நிறுத்தி, குனிந்து பார்த்துக் கத்தியால் அறுத்தெடுங்கள்.

நடவுக் காலத்தில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) டிராக்டர் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போகும் களிமண்ணும் இப்படித்தான். பூட்டின் மடிப்புகளில் அப்பிக் காய்ந்து, மடிப்பு அசையும் ஒவ்வொரு முறையும் ரப்பரை அரைக்கும். அன்றன்றைக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் துப்பாக்கியைப் பூட்டுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள், பூட்டின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும்.

அளந்துதான் மாட்டினேன். இதற்குப் பிறகும் வீல் அலைன்மென்ட் அவசியமா?
*பட்டுக்கோட்டை வாசகர்*

அவசியம். பல சின்ன கார்களில் டை ராடு மரையின் இடைவெளி 1.25 அல்லது 1.5 மி.மீ. ஒரு சுற்று பிசகினால் டை ராடு அவ்வளவு நகரும். ஸ்டியரிங் ஆர்ம் குட்டை, சக்கரத்தின் விளிம்பு தூரம், எனவே விளிம்பில் அது பல மில்லிமீட்டராகப் பெருகும். அந்த நிலையில் சில நூறு கிலோமீட்டர் ஓடினாலே புது டயரின் ஓரம் ரம்பப்பல்லாகிவிடும். உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு, தவறு.

அலைன்மென்ட் கடைவரை ஓட்டிப்போகும் அளவுக்கு வீட்டிலேயே சரி பார்க்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு முன் டயரின் நடுவில் சாக்பீஸால் குறி போட்டு, அச்சின் உயரத்தில் முன்பக்க இடைவெளியை அளங்கள். வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே குறிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம். கடையில் கம்ப்யூட்டர் மாட்டும் முன் டயரில் காற்றின் அளவைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஜாயின்டில் ஆட்டம் பாக்கி இருந்தால் அலைன்மென்ட் நிற்காது, பணம் வீண்.

பால் ஜாயின்டில் ஆட்டம் இல்லை, பூட் மட்டும் கிழிந்திருக்கிறது. பூட்டை மட்டும் மாற்றலாமா?
*சீர்காழி வாசகர்*

உள்ளே இருக்கும் கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக, மண் நெரடாமல், துருவின் செந்நிறம் இல்லாமல் இருந்தால் பழைய கிரீஸை முழுதாகத் துடைத்து, புது கிரீஸ் வைத்து, அளவான பூட் போடலாம். கிரீஸைத் திணிக்காதீர்கள், பூட் பாதி நிரம்பினால் போதும், இல்லையென்றால் முதல் குழியிலேயே விளிம்பு பிதுங்கும். விரலில் நெரடினாலோ, தண்ணீர் கலந்து கிரீஸ் வெளுத்திருந்தாலோ ஜாயின்டையே மாற்றுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிடுங்கள்.